மூன்றாவது கைக்குப் போகும் லொறி

ஆஹென் பல்கலைக்கழகத்துக்குப் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோதுதான் அது தோன்றியது. சிவப்பு விளக்கில் எங்களுக்குப் பக்கத்தில் ஒரு பழைய இராணுவ லொறி வந்து நின்றது. யாரோ வயதான தம்பதி அதை வீடாக்கியிருந்தார்கள். ஜன்னலில் பூப்போட்ட திரை, பின்னால் இரண்டு சைக்கிள். ஜெர்மனியில் இது ஒரு புதினமே இல்லை. ஆனால் அன்று ஒரு கேள்வி பிடித்துக்கொண்டது: இராணுவம் இவர்களுக்கு விற்றது சரி, இவர்கள் யாருக்கு விற்பார்கள்?

அந்தக் கிழமை எங்கள் செமினாரில் பேச்சுவார்த்தைப் பயிற்சி இருந்தது. இரண்டு நேச நாடுகள். ஒன்று, மற்றதின் மண்ணில் வைத்திருந்த தளத்தை மூடிக்கொண்டு ஊர் திரும்புகிறது. மிஞ்சிய லொறிகளை அங்கேயே விற்றுவிடப் பார்க்கிறது. விற்கும் அரசு நான். வாங்கும் அரசு, சென்னையிலிருந்து மேற்படிப்புக்கு வந்த ஒருவர். மாலைக்குள் கையெழுத்து விழாவிட்டால் இருவருக்குமே புள்ளி இல்லை.

எனக்குப் புள்ளி மட்டும் போதாது. எங்களைக் கேட்காமல் மூன்றாவது நாட்டுக்கு விற்கக் கூடாது என்ற வரி ஒப்பந்தத்தில் ஏற வேண்டும். எங்கள் வீடு இருக்கும் வுப்பர்டாலில் பச்சை இராணுவ லொறி வரிசை போனால், அம்மா இன்றைக்கும் கதையைப் பாதியில் நிறுத்திவிடுவா. இங்கே பிறந்த எனக்கு அது வெறும் வாகனம். அவவுக்கு அது யாழ்ப்பாணத்து வீதி. அந்த வீதியில் ஓடியவற்றையும் எங்கோ ஒரு மேசையிலிருந்து யாரோ விற்றுத்தானே இருப்பார்கள்?

பயிற்சியன்று காலை முழுவதும் சென்னைக்காரர் அசையவில்லை. மதியம் பல்கலைக்கழக உணவகமான மென்சாவில், சாப்பாட்டுத் தட்டோடு எதிரே வந்து உட்கார்ந்தார். ஆங்கிலம் போய்த் தமிழ் வந்தது.

"என்னங்க இது, வீட்டை வித்துட்டு சாவிய மட்டும் நீங்களே வெச்சுப்பீங்களா?"

"சாவி வேண்டாம் அண்ணை. ஆருக்குக் குடுக்கிறியள் எண்டு ஒரு சொல்லுக் கேட்டிட்டுக் குடுங்கோ, அவ்வளவுதான்."

"அண்ணைன்னு கூப்பிட்டா டிஸ்கவுண்ட் எல்லாம் கிடையாது. நாங்க வித்தா உங்களுக்கு எப்படித் தெரியும்? செக் பண்ண ஆள் அனுப்புவீங்களா?"

"ஏலாதுதான்" என்றேன்.

அவருக்கு ஒரே குஷி. உருளைக்கிழங்கை முள்ளுக்கரண்டியால் குத்தினார். "அதுவும் உங்க லாரி! ஸ்பேர் பார்ட்ஸ் உங்க நாட்டுலதான் கிடைக்கும். அது இல்லேன்னா ரெண்டே வருஷத்துல கோழிக்கூண்டு!"

நான் சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து ஓடினேன்.

பிற்பகல் அமர்வில் புதிய வரியை வாசித்தேன்: உதிரிப்பாகங்களை மலிவு விலையில் தருவோம், ஒவ்வொரு லொறியின் இலக்கத்துக்கும் தனித்தனியாக, அது உங்கள் இராணுவத்தில் ஓடும்வரை மட்டும். கேளாமல் கைமாறிய லொறிக்கு ஓர் ஆணிகூட வராது. காவலுக்கு ஆள் அனுப்பத் தேவையே இல்லை.

அவர் தலையில் கைவைத்தார். "ஐயோ, நானே எடுத்துக் குடுத்துட்டேனா!"

விலையில் கொஞ்சம் குறைக்கச் சொன்னார், குறைத்தேன். லொறி பழுதுபார்க்கும் திருத்துநர்களுக்குப் பயிற்சி கேட்டார், கொடுத்தேன். அந்த வரியில் ஓர் எழுத்தைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை. கையெழுத்து விழுந்தது. பேராசிரியர் அதை வகுப்புக்கு மறுபடி வாசிக்கச் சொன்னபோது என் குரல் தேவைக்கு மேல் உயர்ந்தது. உயரட்டுமே! அது நான் எழுதிய வரி.

வெளியே வரும்போது அவர் கேட்டார்: "லாரிக்கு ஓகே. தோட்டாவுக்கு ஏதுங்க ஸ்பேர் பார்ட்ஸ்?"

இரண்டு நாள் அது என்னை விடவில்லை. அடுத்த பயிற்சிக்குத் தோட்டாக்களையே தாருங்கள் என்று பேராசிரியரிடம் கேட்டுவிட்டேன். இம்முறை அவரும் நானும் ஒரே பக்கம், விற்கிற பக்கம். இந்த நாட்டில் வெறும் போத்தலைத் திருப்பிக் கொடுத்தால் காசு வருகிறது அல்லவா? சுட்ட தோட்டாவின் வெற்றுப் பித்தளை உறையைத் திருப்பித் தந்தால்தான் அடுத்த பெட்டி என்று தொடங்கிப் பார்க்கப்போகிறோம்.