ஒரே அச்சில் சாணையும் ரம்பமும்

ஒன்பது வயதில் எனக்கு எங்கள் வீட்டில் ஒரு உத்தியோகம் இருந்தது. அப்பாவை நைனா என்றும் அவர் தம்பியைச் சின்ன நைனா என்றும் கூப்பிடுவேன். நைனா சொல்வதைச் சின்ன நைனாவிடம் போய்ச் சொல்ல வேண்டும். சின்ன நைனா சொல்வதை நைனாவிடம் வந்து சொல்ல வேண்டும். அண்ணனும் தம்பியும் பேச்சை விட்டு இரண்டு வருஷமாகியிருந்தது. ஆனால் பேச வேண்டிய விஷயம் மட்டும் தினமும் இருந்தது. திருத்தணியில் மலைக்குப் போகிற சாலையில் எங்கள் இரண்டு வீடுகளுக்கும் முற்றம் ஒன்று, கிணறு ஒன்று. முற்றத்தின் ஒரு பக்கம் நைனாவின் தச்சுப் பட்டறை, எதிர்ப்பக்கம் சின்ன நைனாவின் சைக்கிள் கடை.

சண்டைக்குக் காரணம் ஒரு உளி. சைக்கிள் டயரைக் கழற்ற நெம்புகோல் கைக்குக் கிடைக்காத ஒரு நாளில் சின்ன நைனா பட்டறைக்குள் வந்து, நைனாவின் உளியை எடுத்துக்கொண்டு போய் டயரை நெம்பிவிட்டார். உளியின் முனை உடைந்தது. தச்சன் வீட்டில் பிறந்துவிட்டு உளியால் டயர் நெம்பியவனோடு தனக்குப் பேச்சில்லை என்றார் நைனா. ஒரு இரும்புத் துண்டுக்காகத் தம்பியை விட்டவரோடு தனக்கும் பேச்சில்லை என்றார் சின்ன நைனா. அம்மாவைக் கேட்டால், இரண்டு பேருக்கும் பாட்டனாரின் மூக்கு, பாட்டனாரின் கோபம் என்பாள்.

உலக யுத்தம் முடிந்த மறு வருஷம், அரக்கோணத்தில் பட்டாளத்துக்காரர்கள் விட்டுப்போன சாமான்களை ஏலம் விட்டார்கள். நைனா போனார். சின்ன நைனாவும் போனார், வேறு ரயிலில். அங்கே ஒரு குவியலில் சின்ன எஞ்சின் ஒன்று, அதனால் சுற்றுகிற சாணைக்கல் பொருத்திய இரும்பு ஸ்டாண்டு ஒன்று, துருப்பிடித்த வட்ட ரம்பம் ஒன்று, மூன்றும் சேர்ந்து கிடந்தன. எஞ்சினையும் ரம்பத்தையும் பார்த்து நைனாவுக்கு ஆசை. எஞ்சினையும் சாணையையும் பார்த்துச் சின்ன நைனாவுக்கு ஆசை. குவியலைப் பிரித்துக் கொடுக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். இருவரையும் அறிந்த மெக்கானிக் பாய் ஒருவர் அரக்கோணத்தில் இருந்தார். அவர்தான் நடுவில் புகுந்து இருவருக்குமாக ஏலம் கேட்டு எடுத்தார்.

மாட்டு வண்டியில் சாமான்களைக் கொண்டுவந்து முற்றத்தில் இறக்கிவிட்டுப் பாய் சொன்னார், "எஞ்சினை ரெண்டா வெட்டித் தர்றதுக்கு என்னால ஆவாது மேஸ்திரி. சாணைக்கு ஒரு பக்கம், ரம்பத்துக்கு ஒரு பக்கம். ஒரே அச்சுல மாட்டிக்கினு ரெண்டு பேரும் பொழைங்க."

சொல்வதற்குச் சுலபம். ஸ்டாண்டின் நடுவில் எஞ்சினோடு பெல்ட்டில் இணைந்த சக்கரம், அதற்கு வலப்பக்கம் சாணைக்கல். இடப்பக்கம் அச்சு ஒரு சாண் கூட இல்லை. அதை நீட்ட வேண்டும், நீட்டின இடத்தில் ரம்பத்தை மாட்ட வேண்டும், ரம்பத்தின் பல் மேலே எட்டிப் பார்க்கிற மாதிரி பிளவு விட்ட மேசைப் பலகை ஒன்று போட வேண்டும். எஞ்சின் உதறுகிற உதறலில் ஸ்டாண்டு நடந்து போகாமலிருக்கக் கீழே கனத்த மரச் சட்டமும் வேண்டும். இரும்பு வேலை சின்ன நைனாவுக்கு, மர வேலை நைனாவுக்கு. செய்தி வேலை எனக்கு.

முதல் நாள் நைனா, "அந்த அறிவுகெட்டவன் கிட்ட சொல்லு பாப்பா, ஸ்டாண்டை ஒரு முழம் அந்தாண்ட தள்ளணும்" என்றார். நான் நாலு முழம் நடந்து போய் ஒரு எழுத்து விடாமல் சொன்னேன். சின்ன நைனா ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குள் போனார். இரண்டு நாள் எஞ்சின் மேல் கோணிதான் கிடந்தது.

மூன்றாம் நாள் காவடிக் கடைக்காரர் வந்தார். ஆடிக் கிருத்திகைக்குச் சனம் திரண்டு வரும், தோளில் வைக்கிற அடிப்பலகை இருநூறு வேண்டும், மிஷின் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன், முடியுமா என்றார். கைரம்பத்தால் நைனா ஒரு நாளைக்கு எவ்வளவு அறுப்பார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். நைனா தயங்காமல் முடியும் என்றார். முற்றத்தின் எதிர்ப்பக்கத்திலிருந்து சின்ன நைனாவும் அதே நேரத்தில் முடியும் என்றார். அந்த வருஷம் நைனாவுக்கு வந்த பெரிய வேலை அது ஒன்றுதான். விட்டால் சட்டி காயும் என்று அம்மா அன்று காலையில்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து நான் ஒரு முடிவு எடுத்தேன். செய்தியைக் கழுவிக் கொடுப்பது என்று.

"அவன் போட்டிருக்கிற போல்ட்டுல ஒரு ஆட்டுக்குட்டியைக் கூட கட்டி வெக்க முடியாதுன்னு சொல்லு" என்பார் நைனா.

நான் போய், "சின்ன நைனா, போல்ட்டு நல்லாத்தான் கீதாம். இன்னும் ஒண்ணு போட்டா ஆனையைக் கூட கட்டலாமாம்" என்பேன்.

சின்ன நைனா என்னையே சற்று நேரம் பார்ப்பார். மீசைக்குக் கீழே எதையோ மென்று விழுங்குவார். "ஆங், போட்டுட்டா போச்சு. உங்க நைனா கிட்ட போய்ச் சொல்லு, அவரு அடிச்ச சட்டம் நாலு மூலையும் நாலு ஊரைப் பாத்துகினு நிக்குது."

"நைனா, சட்டம் ரொம்ப பலமா கீதாம். மூலையை மட்டும் ஒரு தபா பாத்துடுவியாம்."

நைனா மூலைமட்டத்தை எடுத்து வைத்துப் பார்ப்பார். உண்மையிலேயே ஒரு மூலை கோணலாக இருக்கும். இழைப்புளியை எடுப்பார். இப்படியாக வேலை நடந்தது. பத்து நாளில் ஸ்டாண்டு புது உருவம் கொண்டது. வலப்பக்கம் சாணை, இடப்பக்கம் மேசைப் பலகை, பலகையின் நடுவில் துரு நீக்கிப் பல் தீட்டிய ரம்பம். அறுக்கிற பலகை கோணாமல் போக, மேசை மேல் நைனா நேர்ச்சட்டம் ஒன்றும் அடித்திருந்தார். இதையெல்லாம் செய்து முடித்தது நான்தான் என்று எனக்கு ஒரு மிதப்பு. பள்ளிக்கூடத்தில் சொல்லவும் சொன்னேன்.

வெள்ளோட்டத்தன்று சின்ன நைனா கயிற்றை இழுத்தார். எஞ்சின் இருமி, புகை கக்கி, ஓட ஆரம்பித்தது. நைனா ஒரு மாம்பலகையை நேர்ச்சட்டத்தை ஒட்டித் தள்ளினார். ரம்பம் அதில் ஒரு சாண் போயிருக்கும். இடப்பக்கத்து நட்டு தானாகச் சுழன்று கழன்று, பறந்துபோய்க் கிணற்றடியில் விழுந்தது. ரம்பம் தள்ளாடிப் பலகைக்குள் சிக்கி நின்றுவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நட்டைத் தேடி எடுத்து, முன்னைவிட இறுக்கி, மறுபடி ஓட்டினார்கள். மறுபடி கழன்றது. மூன்றாவது முறை சின்ன நைனா ஸ்பானர் மேல் ஏறி நின்று இறுக்கினார். அப்போதும் கழன்றது.

அன்றைக்கு இரண்டு பேரும் சொல்லச் சொன்னதை நான் இங்கே எழுதமாட்டேன். எவ்வளவு கழுவினாலும் கொடுக்க முடியாத செய்திகள் அவை. இவரிடமிருந்து அவரிடம் போய், "ஒண்ணுமில்லையாம்" என்றேன். அவரிடமிருந்து இவரிடம் வந்து, "அவருக்கும் ஒண்ணுமில்லையாம்" என்றேன். கிருத்திகைக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. காவடிக் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, ஆர்.கே.பேட்டையில் மரம் அறுக்கிறவர்கள் நாலு பேர் சும்மா இருக்கிறார்கள் என்று யாரிடமோ சொல்வது போலச் சொல்லிவிட்டுப் போனார். நைனா கைரம்பத்தை எடுத்துத் தீட்ட உட்கார்ந்தார். அவர் முதுகைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் காலையில் கடைக்குத் தபால்காரரின் சைக்கிள் வந்தது. இடது பெடல் உடைந்திருந்தது. சின்ன நைனா அதைக் கழற்றிக்கொண்டிருந்தார். நைனா எதிர்ப்பக்கத்திலிருந்து, பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். நான் நடுவில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தேன்.

"பாப்பா, அவன் இன்னாத்துக்கு ஸ்பானரை எதிர்ப்பக்கம் திருப்பறான்? கழட்டறானா, இறுக்கறானா? கேளு" என்றார் நைனா.

நான் திரும்பிக் கேட்டேன். சின்ன நைனா வேலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "எடது பெடலுக்கு எப்பவும் எதிர் மரைதான், எதிர்ப்பக்கம் சுத்தினாத்தான் கழலும்னு சொல்லு. வலது மரை வெட்டினா, மிதிக்க மிதிக்கத் தானாவே கழண்டுகினு வந்துடும்னு" என்றவர் அப்படியே நின்றுவிட்டார். ரம்பம் மாட்டின அச்சின் இடது முனைக்கும் அவர் வலது மரைதான் வெட்டியிருந்தார்.

நான் செய்தியை எடுத்துக்கொண்டு நைனா பக்கம் திரும்பினேன். நைனா அங்கே இல்லை. மிஷின் பக்கத்தில் நின்று, அச்சின் இடது முனையைக் கையால் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன நைனாவும் ஓடி வந்தார். இரண்டு தலைகளும் அந்த அச்சின் மேல் குனிந்திருந்தன. நான் சொல்ல வேண்டிய செய்தி என் வாயிலேயே இருந்தது. என்னை யாரும் கேட்கவில்லை. எனக்கு ரோஷமாகக்கூட இருந்தது.

அச்சைக் கழற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சின்ன நைனா அரக்கோணம் போனார். பாயிடம் கடைசல் மிஷின் இருந்தது. வலது மரையைக் கடைந்து எடுத்துவிட்டு, சின்ன விட்டத்தில் எதிர் மரை வெட்டி, அதற்கேற்ற நட்டும் செய்து கொடுத்தார் அவர். மறுநாள் தானே அதை எடுத்துக்கொண்டு சின்ன நைனாவோடு வந்தும்விட்டார். ஓடுகிறதைப் பார்க்காமல் தூக்கம் வராது என்றார்.

அன்று முற்றத்தில் தெருவே நின்றது. கயிற்றை இழுத்ததும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. நைனா பலகையைத் தள்ளினார். ரம்பம் கீச்சென்று கத்திக்கொண்டு மரத்துக்குள் புகுந்தது. ஒரு சாண் போனது. இரண்டு சாண் போனது. பலகை கடைசி வரை போய், இரண்டாகப் பிளந்து, இரண்டு பக்கமும் சாய்ந்தது. நட்டு இருந்த இடத்தில் இருந்தது. நைனா அடுத்த பலகையை எடுத்தார். அதற்கு அடுத்ததை எடுத்தார். ஐந்தாவதுக்குப் பிறகுதான் நிமிர்ந்தார். முகமெல்லாம் மரத்தூள். அதற்கு நடுவில் பல் தெரிந்தது. நைனா அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

சின்ன நைனா விடுவாரா? அரிவாள் ஒன்றை எடுத்துச் சாணையில் வைத்தார். ஒரே அச்சில் ஒரு பக்கம் பொறி பறந்தது, மறு பக்கம் தூள் பறந்தது. தெருவே கை தட்டியது. பொறி தூளில் விழுந்து லேசாகப் புகைய ஆரம்பித்ததை அம்மாதான் முதலில் பார்த்தாள். ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினாள். பிறகு பெரிய கோணி ஒன்றை நனைத்து, சாணைக்கும் ரம்பத்துக்கும் நடுவில் கயிறு கட்டித் தொங்கவிட்டாள்.

"ரெண்டு பேருக்கும் நடுவுல ஒண்ணு தொங்கணும். அவ்ளோதானே" என்றாள்.

பாய் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. எனக்கு வேலை கூடிவிட்டது என்பதுதான் தெரிந்தது. எஞ்சின் ஓடும்போது கோணியைச் சுற்றி ஓடி ஓடி, காதில் கத்த வேண்டியிருந்தது.

இருநூறு பலகைகளும் நாலு நாள் முன்னதாகவே முடிந்தன. காவடிக் கடைக்காரர் வந்து அடுக்கைப் பார்த்தார். அங்கிருந்து ஒன்று, இங்கிருந்து ஒன்று என்று உருவி, ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து விரலால் தடவினார். ஒரு நூல் கூடக் குறைச்சல் இல்லை.

"இன்னா மேஸ்திரி, எல்லாம் ஒரே வயித்துல பொறந்ததுங்க மாதிரி கீது" என்றார்.

நைனா மேலே மலையைப் பார்த்தார். சின்ன நைனா கீழே சாணைக்கல்லைப் பார்த்தார்.

கிருத்திகையன்று எங்கள் வீட்டு வாசலிலேயே நின்றோம். சரவணப் பொய்கையில் குளித்துவிட்டு ஈரத் துணியோடு காவடிகள் வந்துகொண்டே இருந்தன. அரோகரா சத்தத்தில் மலை அதிர்ந்தது. மயில் இறகுக்கும் மஞ்சள் துணிக்கும் பூவுக்கும் கீழே எங்கள் மாம்பலகை மறைந்திருந்தது. ஆனாலும் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, "நம்முது, நம்முது" என்று கத்தினேன். எனக்கு வலப்பக்கம் நைனா, இடப்பக்கம் சின்ன நைனா. சந்நிதிக்குப் போகிற முருகனே எங்கள் பட்டறையிலிருந்து கிளம்பிப் போகிற மாதிரி இருவரும் மார்பை நிமிர்த்தி நின்றார்கள்.

சின்ன நைனா குனிந்து, "பாப்பா, உங்க நைனா கிட்ட சொல்லு, அதோ மூணாவதா வர்ற கெழவர் தோள்ல கீறது, நாம மொதல்ல அறுத்த பலகை. துணி வெலகின எடத்துல மரத்து முடிச்சு தெரியுது பாரு" என்றார்.

நான் திரும்புவதற்குள் நைனா, "ஆங், பாத்துகினுதான் கீறேன்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. நான் இன்னும் சொல்லவே இல்லை, அதற்குள் எப்படிப் பார்ப்பது? அந்த வரியை முறைப்படி நைனாவிடம் இன்னொரு தடவை சொன்னேன். அவரும் முறைப்படி கேட்டுக்கொண்டு, "அப்படியா?" என்றார். சின்ன நைனா மறுபக்கம் திரும்பிக்கொண்டு இருமினார்.

இருவருக்கும் காது நன்றாகவே கேட்கும் என்பது எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. முற்றத்தில் நாலு முழத் தூரத்தில் நின்று, ஒருவர் திட்டுவதை மற்றவர் முதலில் முழுதாகக் கேட்டுவிட்டு, அதை நான் எப்படிக் கழுவிக் கொண்டுவருகிறேன் என்று தினமும் காத்து நின்றிருக்கிறார்கள் என்பதும் தோன்றவில்லை.