பக்கத்து வீட்டு ஓப்பரா

எங்கள் ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளுக்கு நடுவே உள்ள சுவர் கூரைவரை போகாது. அடுத்த வீட்டுச் சத்தம் அத்தனையும் கேட்கும். கேட்காதது போல இருப்பதுதான் மரியாதையாம். மண்ணாங்கட்டி மரியாதை.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெண்ணின் அலறல். புதிதாகக் குடிவந்த ஸ்டெல்லாவைப் புருஷன் கொல்கிறான் என்று நினைத்து, விறகுக்கட்டையோடு போய்க் கதவை உதைத்தேன்.

"அவள விடுடா!"

இருவரும் பாயில் உட்கார்ந்து போனில் ஓப்பரா பார்த்துக்கொண்டிருந்தார்கள். சர்ச்சில் பாடுகிற ஸ்டெல்லாவுக்கு அந்த வெள்ளைக்காரப் பாட்டு நாடகம் உயிராம். திரையில் பட்டுக் கவுன் போட்ட ஒருத்தி, கத்திக்குத்து வாங்கியும் பாடிக்கொண்டிருந்தாள்.

"இந்தம்மா எப்ப சாவும்?" என்றேன், வேறென்ன கேட்பதென்று தெரியாமல்.

"இன்னும் கால்மணி நேரம் ஆகுங்கக்கா," என்றான் புருஷன், கட்டையைப் பார்த்தபடி.

ஸ்டெல்லா சிரிக்கவில்லை. "எங்கப்பா எங்கம்மாவ அடிச்சப்பல்லாம் லயத்துல ஒருத்தரும் வரலக்கா. நீங்க வந்துட்டீங்க," என்று சொல்லித் தேத்தண்ணி ஊற்றினாள்.

குடித்துவிட்டு வந்தேன். அவளிடம் சொல்லாததை இங்கே சொல்கிறேன். அந்த அலறலை நான் கேட்டது அன்று நான்காவது நாள். முதல் மூன்று நாளும் கேட்டுக்கொண்டே ரொட்டி சுட்டேன்.