கொலு 'பார்க்'கில் ஓடிய ரயில்

ஈர மணலும் மைதாப் பசையும் சூடேறிய சின்ன மோட்டாரும் சேர்ந்தால் ஒரு வாசனை வரும். முதலில் தண்ணீர் தெளித்த மணலின் குளிர்ச்சி, அதன் மேல் பசையின் லேசான புளிப்பு, கடைசியில் மூக்கு நுனியில் சுள்ளென்று ஏறும் இரும்புச் சூடு. இந்த மூன்றும் ஒன்றாகக் கலந்த இடம் எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான். மயிலாப்பூரில் குளத்துக்கு மேற்கே ஒரு சந்துக்குள் இருந்த எங்கள் வாடகை வீட்டுக் கூடத்தில், நவராத்திரி ஒன்பது நாளும் கொலுப் படிகளுக்கு முன்னால் விரிந்து கிடந்த 'பார்க்'தான் அது.

கொலு வைக்கிற வீடுகளில் படிகளுக்குக் கீழே தரையில் மணலைக் கொட்டி, கண்ணாடித் துண்டில் ஒரு குளம், குளக்கரையில் ஒரு கோயில், கொஞ்சம் தள்ளி ஒரு சந்தை என்று அமைப்பதை அந்த நாளில் எல்லாரும் 'பார்க்' என்றுதான் சொன்னார்கள். எங்கள் பார்க்கில் ரயில் ஓடியது. கப்பலில் வேலை பார்த்துத் திரும்பிய நண்பர் ஒருவர் அப்பாவுக்குக் கொடுத்த பொம்மை ரயில் அது. கறுப்பு எஞ்சின் ஒன்று, பச்சைப் பெட்டிகள் இரண்டு, வளைவுத் தண்டவாளம் எட்டு, நேர்த் தண்டவாளம் ஆறு, தொட்டால் வெதுவெதுப்பாக முனகும் 'டிரான்ஸ்பார்மர்' ஒன்று. வருடத்தில் முந்நூற்றைம்பது நாள் பரணில் தூங்கிவிட்டு, மஹாளய அமாவாசையன்று மாலையில் அது கீழே இறங்கும். காப்பீட்டு அலுவலகத்தில் எழுத்தராக இருந்த அப்பா, அன்று மட்டும் அனுமதி கேட்டு ஒரு மணி நேரம் முன்னதாக வீட்டுக்கு வந்துவிடுவார். பழைய செய்தித்தாள்களை மைதாப் பசையில் தோய்த்து, மூங்கில் குச்சிகள் மேல் அடுக்கடுக்காக ஒட்டி, காவி கரைத்துப் பூசி, மூன்றடிக்கு மூன்றடி அகலத்தில் ஒரு மலை செய்வார். ரயில் பாதையின் ஒரு முனை முழுவதும் அந்த மலைக்குள் புகுந்து வெளியே வரும். எஞ்சின் உள்ளே போனதும் கூடத்தில் இருக்கிற அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். அது மறுபக்கம் வந்துவிடும் என்று தெரிந்திருந்தும் ஒவ்வொரு முறையும் பிடித்துக்கொண்டோம்.

தென்சென்னையில் அப்போது எனக்குத் தெரிந்து மூன்று ரயில் கொலுக்கள் இருந்தன. மற்ற இரண்டையும் பார்க்க நாங்கள் பஸ் ஏறிப் போவோம். தி.நகரில் அப்பாவின் நண்பர் வீட்டில் எட்டு என்று எழுதியது போன்ற பாதையில் இரண்டு ரயில்கள் ஓடும். அவை நடுவில் மோதாமல் தப்பிக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த வீட்டு மாமி 'ஐயோ' என்பார். அடையாற்றில் ஒரு டாக்டர் வீட்டு மாடியில், அலுமினியத் தட்டில் நிஜத் தண்ணீர் ஊற்றி ஆறு விட்டு, அதன் மேல் பாலம் கட்டியிருந்தார்கள். ஈரத்தாலோ என்னவோ, நாங்கள் போன இரண்டு வருடமும் ரயில் பாலத்தின் மேல் நின்றுகொண்டே இருந்தது. "இவ்வளவு நேரம் ஓடிண்டுதான் இருந்தது, நீங்க படியேறச்சேதான் நின்னுது" என்றார் டாக்டர் மாமி. நான் அதை நோட்டில் பதியவில்லை. சாட்சி இல்லை.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்பில் எங்கள் ரயிலைப் பற்றி நான் சொன்னதைக் கேட்டு, நவராத்திரியின் மூன்றாம் நாள் என் வகுப்புத் தோழிகள் எட்டுப் பேர் வீட்டுக்கு வந்தார்கள். அவர்கள் செருப்பைக் கழற்றும்போது மின்சாரம் போனது. சுண்டல் தின்றார்கள், இருட்டில் பாட்டுப் பாடினார்கள், ஒன்றரை மணி நேரம் காத்திருந்துவிட்டுப் போனார்கள். வாசலைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் விளக்கு வந்தது. மறுநாள் முதல் வகுப்பில் என் பெயர் 'கப்ஸா கல்யாணி'. பெயரை வைத்தவள் ஷாஹிதா. ராயப்பேட்டையில் தையல் கடை வைத்திருந்தவரின் மகள். வீட்டில் உருது, வகுப்பில் அசல் மெட்ராஸ் தமிழ். என் பக்கத்து இருக்கைக்காரி வேறு. வீட்டில் மாமா வந்தார் என்றால்கூட "நெஜம்மா வந்தாரா, இல்ல இதுவும் ரயிலு மாரியா?" என்பாள். அதற்கப்புறம்தான் நான் நோட்டுப் போட ஆரம்பித்தேன். கிழமை, நவராத்திரியின் எத்தனையாவது நாள், யார் வீடு, எத்தனை பெட்டி, எத்தனை முறை தடம் புரண்டது, என்ன சுண்டல், கடைசிக் கட்டத்தில் பார்த்தவர் கையெழுத்து. வாழ்நாள் முழுவதும் நாளும் கிழமையும் குறித்துவைக்கிற பழக்கம் எனக்கு இப்படித்தான் தொற்றியது.

ஏழாம் வகுப்பில் இரண்டாவது வாய்ப்பு வந்தது. ஐந்தாம் நாள், சனிக்கிழமை, மாலை நாலு மணிக்கு அதே எட்டுப் பேரையும் வரச் சொல்லியிருந்தேன். அது ஆறாம் நாள் என்று என் தம்பி இன்றும் வாதிடுவான். ஆறாம் நாள் எங்கள் வீட்டில் கடலைப்பருப்புச் சுண்டல். அன்று தோழிகள் தின்றது பட்டாணிச் சுண்டல். ஆகவே ஐந்தாம் நாள்தான். அழைத்தபோது ஷாஹிதா ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். "இந்த வாட்டியும் ஓடலன்னு வெச்சிக்கோ, பத்தாவது முடிக்கிற வரிக்கும் நீ கப்ஸாதான்." சரி என்று கையடித்துக் கொடுத்திருந்தேன்.

அந்த வருடம் பார்க்குக்குப் புல்வெளி வேண்டுமென்று அம்மா ஒரு வாரம் முன்பே மணலைக் கொட்டிக் கேழ்வரகு விதைத்திருந்தாள். தண்ணீர் தெளிப்பது என் பொறுப்பு. தெளிக்கத்தான் சொன்னாள். நான் சொம்பு சொம்பாக ஊற்றினேன். முதல் நாள் பச்சை மயிர் போல் முளைத்து எல்லாரும் வியந்தார்கள். மூன்றாம் நாள் செழித்தது. ஐந்தாம் நாள் காலையில் பார்த்தால் தண்டவாளத்தையே காணவில்லை. வேர்கள் கீழிருந்து தூக்கியதில் துண்டுகளின் இணைப்பு விட்டிருந்தது. எஞ்சின் இரண்டு சாண் தூரம் போய், சக்கரத்தில் புல் சுற்றி, பக்கவாட்டில் சாய்ந்து படுத்தது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் குப்புறப் படுத்துப் பார்த்தார். பிறகு கத்திரிக்கோல் கொண்டுவரச் சொன்னார்.

அம்மா அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்துவிட்டாள். "நவராத்திரில முளைச்சு வந்ததை நறுக்கறதாவது! கத்திரிக்கோலை உள்ள கொண்டு வைங்கோ."

"நறுக்கலைடி. கொஞ்சம் சீவி விடறேன்."

"தலையா அது, சீவி விடறதுக்கு?"

பிடுங்கவும் கூடாது, நறுக்கவும் கூடாது, விஜயதசமிக்கு மறுநாள்தான் கை வைக்கலாம் என்று முடித்துவிட்டாள். நான் சுவர் ஓரமாக உட்கார்ந்து அழ ஆரம்பித்தேன். இன்னும் மூன்றரை வருடம் கப்ஸாவாக இருப்பது எப்படி இருக்கும் என்று நாள் கணக்குப் போட்டுப் போட்டு அழுதேன். மத்தியானம் மூன்று மணிக்கு அப்பா அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார்.

"பசுமாடு மேஞ்சா தோஷமா?"

அம்மா யோசித்தாள். கிரகப்பிரவேசத்துக்குக் கன்றுக்குட்டியை வீட்டுக்குள் அழைத்து வருகிற குடும்பம் அல்லவா! "கன்னுக்குட்டியா? அது மஹாலக்ஷ்மியாச்சே. தாராளமா மேயட்டும்."

சந்தின் கோடியில் முனுசாமி என்ற பால்காரர் நாலு மாடு வைத்திருந்தார். அப்பா ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னதும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார் என்று பிற்பாடு அப்பாவே சொன்னார். ஆனால் அரை மணியில் ஒரு வெள்ளைக் கன்றைக் கழுவித் துடைத்து அழைத்து வந்துவிட்டார். அம்மா வாசலில் அதன் நெற்றியில் குங்குமம் வைத்தாள். "இன்னா மாமி, ராணிக்கு இன்னிக்கி விருந்தா? தோ பாரு, அஞ்சே நிமிசம், மொட்ட அடிச்ச மாரி மேஞ்சிடும்" என்று முனுசாமி உறுதி கொடுத்தார். சாணி போட்டால் பிடிக்க ஒரு பழைய தட்டோடு தம்பி பின்னால் நின்றான்.

ராணி கேழ்வரகுப் புல்லை முகர்ந்து பார்த்தது. ஒரு வாய் கடித்தது. தலையைத் தூக்கிக் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தது. பிறகு புல்வெளியைத் தாண்டிப் போய், அப்பாவின் மலையில் வாயை வைத்து ஒரு பெரிய துண்டைப் பிய்த்தது.

"ஏய் ஏய் ஏய்!" என்று அப்பா கத்தினார். முனுசாமி கயிற்றை இழுத்தார். கன்று நாலு காலையும் ஊன்றிக்கொண்டு இன்னொரு துண்டைப் பிய்த்தது.

"வுடாது சார்! போஸ்டர் துன்னு வளந்த கன்னு சார் இது. பசை வாசன பட்டுச்சின்னா அவ்ளோதான், நவுராது."

"அதை முன்னாடியே சொல்லப்படாதா முனுசாமி?" என்றாள் அம்மா.

"நீ புல்லுன்னுதானே மாமி சொன்னே? மலைன்னு எங்க சொன்னே?"

சுவரொட்டிகளில் பசி தீர்த்துக்கொண்ட மயிலாப்பூர்க் கன்றுக்குப் புல் எதற்கு? மைதாவில் ஊறிய செய்தித்தாள் மலை அதற்குத் தலைவாழை விருந்து. சுரங்கத்தின் வாசல் வளையம் அதன் மூக்கில் மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தபோதுதான் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. எட்டுப் பேரும் வந்து வரிசையாக நின்றார்கள். ஷாஹிதா கூடத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாடி இது? ரயிலு காட்டறேன்னு கூட்டாந்து மாட்டக் காட்டறே?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் அவளைப் பார்க்கப் பிடிக்காமல், மலை இருந்த இடத்தைப் பார்த்தேன். அங்கே காய்ந்த மணல் தெரிந்தது. மலையடியில் யாரும் விதைக்கவில்லை, நானும் தண்ணீர் ஊற்றவில்லை. மூன்றடிக்கு மூன்றடி சுத்தமான தரை. எட்டு வளைவுத் தண்டவாளத்தையும் சேர்த்தால் ஒரு முழு வட்டம். நேர்த் துண்டு ஒன்றுகூட வேண்டாம்.

"அப்பா, நேர்த் துண்டெல்லாம் வேண்டாம். வளைவு மட்டும் எடுங்கோ" என்று கத்தினேன். அப்பாவுக்கு ஒரு கணத்தில் புரிந்துவிட்டது. புல்லை நோகாமல் விலக்கி வளைவுகளை ஒவ்வொன்றாக உருவினார். ஒயர் மாட்டுகிற துண்டும் வளைவுதான். மூங்கில் குச்சிகளைத் தம்பி அள்ளினான். தோழிகள் பாவாடையை இடுக்கிக்கொண்டு மணலில் மண்டியிட்டு, ஆளுக்கொரு இணைப்பை அழுத்திப் பிடித்தார்கள். கடைசி இணைப்பு ஷாஹிதாவிடம். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். "க்ளிக்குன்னுச்சு!" என்று அவள்தான் முதலில் கூவினாள். மலையின் மிச்சத்தைக் கன்றுக்கு வைத்து, முனுசாமி அதை நடைப்பக்கம் ஓட்டிக்கொண்டு போனார்.

அப்பா டிரான்ஸ்பார்மர் குமிழை என்னிடம் விட்டார். மின்விசிறியை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தேன், சுற்றிக்கொண்டிருந்தது. குமிழைத் திருப்பினேன். எஞ்சின் ஒரு முனகு முனகி, உதறி, புறப்பட்டது. இரண்டு பச்சைப் பெட்டிகளும் பின்னால் ஆடிக்கொண்டே வந்தன. சுரங்கம் இல்லை, நிலையம் இல்லை, மரங்கள் இல்லை. வெறும் மணலில் ஒரு வட்டம். அதைச் சுற்றி எட்டுப் பெண்களும் வாய் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். ஷாஹிதா சுற்றுகளைச் சத்தமாக எண்ணினாள். இருபதுக்கு மேல் மற்றவர்களும் சேர்ந்துகொண்டு எண்ணினார்கள். நாற்பத்தொன்றாவது சுற்றில் மோட்டார் சூடேறிவிட்டது என்று அப்பா நிறுத்தினார். முனுசாமி நடையிலிருந்தே, "சோக்கா கீது சார்! மலை இல்லாமதான் நல்லா தெரியிது" என்றார். அப்பா அவரை முறைத்துவிட்டுச் சிரித்துவிட்டார்.

அன்றைய பக்கத்தில் எட்டுக் கையெழுத்துகள் இருக்கின்றன. ஷாஹிதா கையெழுத்தோடு ஒரு வரியும் சேர்த்திருக்கிறாள்: 'ரயில் ஓடியது, நான் எண்ணினேன்.' திங்கட்கிழமை முதல் வகுப்பில் என்னை யாரும் கப்ஸா என்று கூப்பிடவில்லை. கன்று மலையைத் தின்ற கதையைப் பக்கத்து வகுப்புக்குச் சொன்னவளும் அவள்தான். அவர்கள் நம்ப மறுத்தபோது அவளுக்கு வந்த கோபத்தைப் பார்க்க எனக்கு எவ்வளவு ஆனந்தமாக இருந்தது என்பதை மட்டும் நோட்டில் எழுதவில்லை.

அதன் பிறகு எத்தனையோ மாதிரி ரயில் காட்சிகளைப் பார்த்துவிட்டேன். எந்த ஊருக்குப் போனாலும், அங்கே அப்படி ஒன்று இருக்கிறதா என்று முதலில் விசாரித்துவிட்டுத்தான் கோயில், கடைத்தெரு எல்லாம். அருங்காட்சியகக் கூடங்களில், மலையூர் விடுதிகளின் மாடத்தில், கடல் தாண்டிய ஒரு நகரில் பெரிய கட்டடத்தின் ஒரு தளம் முழுவதும் என்று பார்த்திருக்கிறேன். போகிறவர்களுக்கு என் யோசனை இதுதான்: ரயில் எத்தனை மணிக்கு ஓடும் என்று கேட்டுக்கொண்டு போங்கள், போனதும் நின்று பார்க்காமல் குனிந்து, கண் தண்டவாள மட்டத்துக்கு வரும்படி பாருங்கள், எஞ்சின் நேராக உங்களை நோக்கி வரும்போது வயது இறங்கிவிடும். அங்கெல்லாம் பஞ்சில் மலை செய்கிறார்கள், சாயம் தோய்த்த தூளைத் தூவிப் புல் செய்கிறார்கள். அழகுதான். அந்தப் புல் ஒரு நாளும் வளர்ந்து தண்டவாளத்தைத் தூக்காது.

சந்தில் எங்கள் வீடு இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. முனுசாமியின் கொட்டில் இருந்த இடத்தில் அந்த அடுக்குமாடியின் கார்கள். சுவரொட்டிகள் குறைந்து பிளாஸ்டிக் பதாகைகள் வந்துவிட்டன. அவற்றில் எந்தக் கன்றும் வாய் வைக்க முடியாது. எஞ்சினின் மோட்டார் என் கல்லூரி நாட்களில் எரிந்துபோனது. அடையாற்று டாக்டர் வீட்டில் கொலு வைப்பதை நிறுத்திவிட்டார்கள்.

ஷாஹிதா வேளச்சேரியில் இருக்கிறாள். சென்ற நவராத்திரிக்கு என் வீட்டுக்கு வந்திருந்தபோது, கூடம் நிறைய உட்கார்ந்திருந்த அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கு அந்தக் கதையைக் கையைக் காலை ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் கதையில் கன்று முழுப் பசுவாகியிருந்தது. மலை கூரையைத் தொட்டது. அதைத் தின்று முடித்த பசு, ரயிலில் ஒரு பெட்டியையும் தின்றுவிட்டு ஏப்பம் விட்டது.

"நெஜம்மாவா ஆன்ட்டி?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"தோ, இவளயே கேளு. நாளு கெழம எல்லாம் கரெக்டா எழுதி வெச்சிகினு கீறா" என்று ஷாஹிதா என்னைக் கை காட்டினாள்.

எல்லாக் குழந்தைகளும் என்னைப் பார்த்தன. நோட்டு பக்கத்து அறை அலமாரியில்தான் இருந்தது. பெட்டிகள் இரண்டும் பத்திரம் என்று அதில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.

"ஆமாம்," என்றேன், "பச்சைப் பெட்டி."