பூட்டி வைத்த சொல்

அண்ணனூர் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது போனில் வேலை வந்தது. ரயில்வே மின்மயமாக்கல் பற்றிய போர்த்துகீசியக் கையேடு. இயந்திரம் அதை ஏற்கெனவே இங்கிலீஷில் பெயர்த்துத் தள்ளியிருந்தது. நான் மேலோட்டமாகப் பார்த்து 'சரி' அழுத்த வேண்டும், அவ்வளவுதான். முதல் பக்கத்திலேயே ஒரு சொல் இடறியது. ரயிலுக்கு மின்சாரம் தரும் கம்பியை, மேலேயுள்ள கம்பியிலிருந்து தொங்கவிட்டுத் தாங்கும் சின்னக் கம்பிகள் இருக்கின்றன அல்லவா, அவற்றுக்கு டிராப்பர் என்று பெயர். போர்த்துகீசியத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்; இயந்திரம் பெண்டுலம் என்று போட்டிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் ஆடுமே, அந்தப் பெண்டுலம்! திருத்தப் போனால் சொல்லின்மேல் பூட்டுப் படம். வாடிக்கையாளர் ஒப்புக்கொண்ட சொல்லாம், கை வைக்கக் கூடாதாம்.

நிமிர்ந்து பார்த்தேன். எதிரே வரிசையாக டிராப்பர்கள்தான் தொங்கின.

இப்படி நிமிர்வது அம்பத்தூர்ப் பழக்கம். மொசாம்பிக்கில் சில வருஷம் குப்பை கொட்டியதில் ஒட்டிக்கொண்ட போர்த்துகீசியத்தை நம்பி, அம்பத்தூரில் ஒரு மொழிபெயர்ப்பு ஆபீஸில் சேர்ந்திருந்தேன். என் இங்கிலீஷைச் சரிபார்ப்பவன் செல்வம், பக்கத்துப் பாடி ஏரியாக்காரன். கட்டிடம் ரயில் பாதையை ஒட்டி இருந்தது. எந்தச் சொல் சிக்கினாலும் இருவரும் மொட்டை மாடிக்குப் போய், தண்டவாளத்துக்கு மேலே அந்தச் சாமானை விரலால் காட்ட வேண்டும். காட்டும்வரை சொல்லை எழுதக் கூடாது, செல்வம் போட்ட சட்டம். வெயிலில் மண்டை காயும். கீழே டீக்கடைக்காரர் நாங்கள் காக்கா விரட்டுவதாகவே நினைத்திருந்தார்.

"இன்னா மச்சான், பாட்டுக்கு எய்திகினே போறே? எங்க கீது, காட்டு!" என்பான் செல்வம்.

"அதோ, அந்தக் கம்பத்துல."

"அது வேற. இத்த படிச்சிட்டு ஒருத்தன் மேல ஏறுவான். உன்ன நம்பிதான கைய வெப்பான்?"

ஒருமுறை ஒரே சொல்லுக்காக மொத்த வேலையையும் அனுப்பவிடாமல் உட்கார்ந்துவிட்டான். மேனேஜர் கத்தினார், நான் கெஞ்சினேன். அசையவில்லையே மனுஷன்! அன்றைக்கு அவன் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது.

அந்த ஆபீஸ் இப்போது இல்லை. செல்வம் குத்தம்பாக்கம் பக்கம் ஒரு குடோனில் சூப்பர்வைசர். பிளாட்பாரத்திலிருந்தே அவனைக் கூப்பிட்டுப் பெண்டுலம் கதையைக் கொட்டினேன். குதிப்பான் என்று பார்த்தால், லாரி சத்தத்துக்கு நடுவே சொன்னான்.

"உட்டுரு மச்சான். பூட்டி வெச்சிகிறான்ல? ஓகே குட்த்துட்டுப் போய்கினே இரு."

"நீயாடா இப்படிப் பேசுறே?"

"லோடு வந்துகினு கீது. அப்பால பேசறேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. அவனோடு பழையபடி சண்டை போடத்தான் கூப்பிட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. சண்டைக்கு வர அவனும் இல்லை.

நான் 'சரி' அழுத்தவில்லை. சாயங்காலத்துக்குள் வேலை வேறு யாருக்கோ போய்விட்டது. அவர் அழுத்தியிருப்பார்.