இசக்கிசெல்வியின் பெயரில்

பத்மஜாவுக்கு மும்பை செம்பூர்க் கல்லூரி ஒன்றில் ஆங்கிலக் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுக்கும் வேலை. வருஷா வருஷம் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். போலந்துக் கல்லூரி ஒன்றோடு ஆன்லைன் கூட்டு வகுப்பு தொடங்கியபோது, இதை நல்லபடியாக நடத்தினால் நிரந்தரமாக்கிவிடலாம் என்றார் முதல்வர். அந்த ஒரு பேச்சில் வசமாக மாட்டிக்கொண்டாள்.

இங்குள்ள பிள்ளைகளும் அங்குள்ள பிள்ளைகளும் ஒருவர் கட்டுரையை மற்றவர் படித்துக் குறைகளை எழுத வேண்டும். அந்தப் பக்கம் கூசாமல் எழுதினார்கள். நம்மவர்கள் எல்லாவற்றுக்கும் 'வெரி நைஸ்' என்றார்கள். தாராவியிலிருந்து வரும் மாணவி இசக்கிசெல்வியிடம் பத்மஜா காரணம் கேட்டாள்.

"பாவம் மேடம், கஷ்டப்பட்டு எழுதிருக்கா. முன்னப்பின்ன தெரியாத பிள்ளைய எப்படிக் குத்தஞ்சொல்ல?"

அந்த நல்ல மனசுக்கு மார்க் போட எங்கேயும் வழியில்லை. உங்கள் மாணவர்கள் நிஜமாகவே படிக்கிறார்களா என்று போலந்து ஆசிரியை ஈவா கேட்டுவிட்டாள். பிள்ளைகளின் கருத்துகள் பத்மஜா வழியாகத்தான் போகும். பிள்ளைகள் பெயரில் அவளே எழுதி அனுப்பினாள். இந்த ஒரு வாரம் மட்டும் என்றுதான் நினைத்தாள். நினைப்பதற்கு என்ன?

ஈவா மெச்சினாள். முதல்வர் எல்லோரிடமும் பெருமையடித்தார். மறுபடி 'வெரி நைஸ்' அனுப்பினால் குட்டு வெளிப்பட்டுவிடும். லோக்கல் ரயிலில் நசுங்கிக்கொண்டே போனில் எழுதினாள், ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு மாதிரி. அங்கிருந்து வந்த பதில்களில் பிள்ளைகளுக்கு விஷயம் தெரிந்துபோனது; தெரிந்தும் தெரியாததுபோல் இருந்தார்கள்.

கடைசியில் நேரடி வீடியோ வகுப்பு வைத்தார்கள். முதல்வரும் வந்து உட்கார்ந்தார். போலந்து மாணவி ஒருத்தி இசக்கிசெல்வியைத் தேடிப்பிடித்துக் கேட்டாள்: "என் கட்டுரையில் ஆதாரமே இல்லை என்று எழுதினாய். முதலில் கோபம்தான் வந்தது. பிறகு மாற்றி எழுதினேன். இப்போது சரியா?"

போதும், சொல்லிவிடலாம் என்று பத்மஜா வாயைத் திறந்தாள். அதற்குள் இசக்கிசெல்வி திக்கித் திணறி ஆங்கிலத்தில் சொன்னாள்: "ஆமாம், நான்தான் எழுதினேன். இப்போது நன்றாயிருக்கிறது."

முதல்வர் கைதட்டினார். கூட்டு வகுப்பு இன்னும் இரண்டு வருஷம் தொடரும் என்று அங்கேயே அறிவித்தார்.

வராந்தாவில் பத்மஜா அவளை நிறுத்தினாள். "ஏன்டி அப்படிச் சொன்னே? நான் சொல்லிடறதா இருந்தேன்."

"உங்க வேலை போயிரும்லா மேடம்."

பத்மஜாவுக்கு அழுகை முட்டியது. எழுதக் கற்றுக்கொடுக்க வேண்டிய பெண்ணைப் பொய் சொல்ல வைத்தாயிற்று. அந்தப் பெண்ணோ அவளைத் தேற்றினாள்.

"பயப்படாதீங்க மேடம். நீங்க பாட்டுக்கு எழுதுங்க. யாரு கேட்டாலும் நாங்க எழுதினதுன்னு நான் சொல்லிக்கிடுதேன்."