ஊர்வலத்துக்கு முன்னால் ஊமையான வண்டி

ஸர்கா நகரத்தில் எங்கள் தெருவுக்குப் பொழுது விடிந்ததைச் சேவல் சொல்லாது. மிக்தாதின் வண்டிதான் சொல்லும். கார்களுக்குப் பாட்டுப்பெட்டி மாட்டித் தருவது அவன் தொழில், இருபத்திரண்டு வருடமாக. ஊரார் வண்டிக்கெல்லாம் அளவாக மாட்டியவன், தன் வண்டிக்கு மட்டும் அளவை மறந்துவிட்டான். அது தெருமுனையில் திரும்பும்போதே என் மேசைமேல் இருக்கும் தேநீர்க் கோப்பை தானாக நகர்ந்து விளிம்பில் வந்து நிற்கும். எதிர் மாடி ஹாஜியாரின் பல்செட் தம்ளருக்குள் தாளம் போட்டதை நானே பார்த்தேன். நம்பாதவர்கள் ஹாஜியாரைக் கேட்கலாம். அவருக்குத்தான் இப்போது காது கேட்பதில்லை.

அப்படிப்பட்ட வண்டி, அவன் அக்காள் மகன் லைத்தின் கல்யாண நாளன்று ஊமையாகிவிட்டது.

நாலு மணிக்கு முப்பது வண்டிகள் பெண்ணை அழைத்துவரப் பக்கத்து ஊரான ஜெரஷுக்குப் புறப்பட வேண்டும். முதல் வண்டி பாட்டு வண்டி. "என் வண்டிதான் முன்னால" என்று மிக்தாத் ஒரு மாதமாகச் சொல்லித் திரிந்தான். அவனுடையது பாடாவிட்டால் லைத்தின் சித்தப்பா வண்டி முன்னால் போகும். அதில் பாட்டுப்பெட்டி மாட்டியவன், மிக்தாத் கடைக்கு எதிர்க்கடைக்காரன்.

ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து சாவியைத் திருப்பினான். பெட்டியில் விளக்கு எரிந்தது, பாட்டின் பெயர் ஓடியது, சத்தம் மட்டும் இல்லை. முழுசாகக் கூட்டினான். இல்லை. பெட்டியை ஒரு அறை அறைந்தான். அப்போதும் இல்லை.

கதவுகளைப் பிரித்து, ஸ்பீக்கர் ஒவ்வொன்றிலும் சின்ன பேட்டரியை வைத்துப் பார்த்தான். எல்லாமே 'டொக்' என்றன. டிக்கியில் கிடந்த ஆம்ப்ளிஃபயரில் விளக்கு எரியவில்லை. கடைக்கு ஓடிப்போய் வேறொன்றைக் கொண்டுவந்து மாட்டினான். அதுவும் எரியவில்லை.

"எலிதான் வயரைக் கடிச்சிருக்கு!"

"மாமா, உங்க பாட்டைக் கேட்டுட்டு எந்த எலி மாமா இந்தத் தெருவுல இருக்கும்?" என்றான் லைத். "மணி ரெண்டரை. சித்தப்பா வண்டியவே முன்னால விட்டுருவோமா?"

"கல்யாண மாப்பிள்ளை வாயில நல்ல வார்த்தையே வராதாடா? போ, போய் முடி வெட்டிக்க!"

கடைக்கு வருகிறவர்களிடம் அவன் முதலில் கத்துவது ஒன்றுதான்: "மொதல்ல பியூஸைப் பாருடா கழுதை!" தன் வண்டியில் மட்டும் அதைப் பார்க்கவில்லை. ஏனென்றால் அதை மாட்டியது அவன் கை. கம்பளத்தை உரித்தான், இருக்கைகளைக் கழற்றித் தெருவில் போட்டான். ஒரு பூனை வந்து முன் இருக்கையில் படுத்துக்கொண்டது.

"அபு ஸைஃப், பானெட்டுக்குள்ள பாத்தீங்களா?" என்று மகன் பெயரைச் சேர்த்து அவனைக் கூப்பிட்டு, அவன் மனைவி நவ்ஃபா மாடியிலிருந்து கேட்டாள்.

"நீ சோத்தைப் பாரு!"

"சோறு நல்லாத்தான் இருக்கு. வண்டிதான் வேகல."

மூன்றரைக்கு வேறு வழியில்லாமல் பானெட்டைத் திறந்தான். பேட்டரிக்குப் பக்கத்தில் பியூஸ் டப்பா ஒழுங்காக மூடியிருந்தது. திறந்தால் உள்ளே பியூஸ் இல்லை. மெல்ல நிமிர்ந்து மாடியைப் பார்த்தான்.

"நவ்ஃபா!"

"நான்தான் எடுத்தேன். கத்தாதீங்க. எதிர் வீட்டுல அபு ஹைதம் மவுத்தாகி இருபத்திமூணு நாள்தான் ஆச்சு. தெருவே ரேடியோவை மூடி வச்சிருக்கு. மூணு தடவ சொன்னேன். 'வண்டி என்ன வீடா?'ன்னு கேட்டீங்க. கல்யாணப் பாட்டுக்கு அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? பியூஸ் அவரு சம்சாரம் உம் ஹைதம்கிட்ட இருக்கு. போய்க் கேளுங்க."

மிக்தாதின் முகம் கழற்றிப்போட்ட இருக்கையைப் போல ஆகிவிட்டது. கிரீஸ் கையை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டே எதிர் வீட்டுப் படி ஏறினான்.

உம் ஹைதம் சர்க்கரையில்லாத காபியை ஊற்றிக் கொடுத்தாள். அவன் குடிக்காமல் கீழே வைத்தான். எங்கள் பக்கத்தில், கேட்க வந்தவன் கேட்டது கிடைத்தால்தான் கோப்பையைத் தொடுவான்.

"குடி மிக்தாத். என்ன வேணும்?"

"மன்னிச்சிருங்க அக்கா. இருபது நாளா உங்க வாசல்லயே பாட்டைப் போட்டுக்கிட்டுப் போனேன். இன்னிக்கு நம்ம லைத்துக்கு... நீங்க வேணாம்னு சொன்னா பேசாமப் போயிர்றோம். சித்தப்பா வண்டியவும் பேசாமப் போகச் சொல்லிடறேன்."

"பேசாமப் போனா, ஒரு புள்ளையோட கல்யாணத்தை நான் தடுத்தேன்னு ஊர் பேசும். குடி, ஆறிடப்போகுது." தலையணைக்கு அடியிலிருந்து பியூஸை எடுத்து நீட்டினாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து அவன் தலையைக் குனிந்துகொண்டான். "மூணு மணி நேரமா ஜன்னல் வழியா உன் பின்பக்கத்தை மட்டும்தாம்பா பாத்துக்கிட்டிருக்கேன். அவர் போனதுல இருந்து இந்த வீட்டுல இன்னிக்குத்தான் சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு."

சத்தியமாக, அந்த ஜன்னலில் அவளுக்குப் பக்கத்தில் இருந்தது நான்தான்.

இருக்கைகளை மாட்டப் பத்து நிமிடம் ஆனது. பூனையை இறக்கப் பதினைந்து. நாலேகாலுக்கு ஊர்வலம் நகர்ந்தது, மிக்தாத் முன்னால். உம் ஹைதமின் வாசல் வந்ததும் அவன் சத்தத்தைக் கூட்டவில்லை. சத்தக் குமிழிலிருந்து விரலை எடுக்காமல் குறைத்தே பிடித்திருந்தான். அந்தப் பாட்டுக்கு வரிகளும் உண்டு என்பது எங்கள் தெருவுக்கு அன்றுதான் தெரிந்தது.

"டேய் மிக்தாத்!" என்று ஜன்னலிலிருந்து உம் ஹைதம் கூப்பிட்டாள். "வண்டி மறுபடியும் கெட்டுப்போச்சா?"