பூனை நக்கிய ஒயில்

வெளிநாட்டுச் சாமான்களுக்குத் தட்டுப்பாடான காலம். கடலோர உப்புவெளியில் வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கும் நான், எஞ்சினை முழுவதும் கழற்றிப் புதுப் பிஸ்டன் றிங் போட்டிருந்தேன். "முதல் ஓட்டத்துக்கு மெல்லிய, சுத்தமான ஒயில்தான் வேணும். பிழையானதை விட்டால் எஞ்சின் இறுகிப் போகும்" என்றார் மெக்கானிக் நடராசா அண்ணன்.

துறைமுகத்தடிக் கடையொன்றில் மூடி திறக்காத ஒயில் தகரப்பேணி ஒன்று கிடைத்தது. "கப்பலால இறங்கின அசல் சாமான், தம்பி" என்றார் முதலாளி. நான் கேட்காமலே அதைத் திரும்பத் திரும்பச் சொன்னதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

கராஜில் நடராசா அண்ணன் பேணியைத் திறந்துவிட்டுப் புனலை எடுத்தார். எங்கிருந்தோ வந்த பூனை, கீழே சிந்திய துளிகளை ஆசையோடு நக்கத் தொடங்கியது.

"அண்ணை, ஊத்தாதேங்கோ! எந்தப் பூனை எஞ்சின் ஒயில் குடிக்கும்?"

அவர் முகர்ந்து பார்த்தார். "ஓம், வள்ளத்துக்குப் பூசுற சுறா எண்ணெய் கலந்திருக்கு." ஊரெல்லாம் மீன் மணம் என்பதால் எங்களுக்கு முதலில் பிடிபடவில்லை. பேணியின் அடியில், உள்ளே ஊற்றிவிட்டு ஈயம் வைத்து அடைத்த துளையும் இருந்தது.

பேணியோடு கடைக்குத் திரும்பினேன். "மூடினபடிதான் தந்தனான். எனக்கு ஒண்டும் தெரியாது" என்றார் முதலாளி. பூனையைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. பேணியின் மூடியைத் திறக்கக் கை வைத்தேன், அவ்வளவுதான். அவர் அவசரமாக எழுந்து, கதிரைக்கு அடியில் படுத்திருந்த தன் பூனையை வெளியே விரட்டினார்.

இப்போது நான் பூனை இருக்கும் கடையில்தான் ஒயில் வாங்குகிறேன். அதுவும் பேணியை அங்கேயே திறந்து பார்த்த பிறகுதான்.